பிரேம் காலும் மாத்திரைக் காலும்

தளவாய்புரம் போகிற ரோட்டில் இருக்கிற அந்த நூல் மில்லில், பெண்கள் வேலை பார்க்கும் ஷெட்டுக்கு ஒரே ஒரு டோக்கன்தான். வட்டமாக வெட்டிய தகரம். ஓட்டை போட்டு, கயிறு கோத்து, சூப்பர்வைசர் மேசைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கும். பாத்ரூம் போக வேண்டியவள் அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். ஆணி காலியாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாட்டுக்கு மணி கட்டுகிற மாதிரி மனுசிக்குத் தகரம் கட்டுகிற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரியாது. ஆம்பளை என்று மட்டும் சத்தியம் பண்ணலாம்.

பரிபூரணம் அந்த ஷெட்டில் ரிங் பிரேம் பார்க்கிறவள். பஞ்சுத் திரியை நூலாக முறுக்குகிற நீள மிஷின்தான் ரிங் பிரேம். இரண்டு மிஷினுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கிற அளவு சந்து. ஷிப்ட் முழுக்க அந்தச் சந்தில் போய்ப் போய் வர வேண்டும். எங்கே இழை அறுந்தாலும் பாய்ந்து போய் விரலால் பிடித்து ஒட்ட வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. உட்கார்ந்தால் கண் சொக்கும் என்று தூக்கிவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தச் சந்துக்குள் நுழைந்தவள் அவள். இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறது. புருஷன் தங்கச்சாமி சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குப் போகிறவர். தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவர். தறி ஓடுகிற வாரமும் உண்டு, ஓடாத வாரமும் உண்டு. மில்லில் பரிபூரணத்தின் இடம் போனால் வீட்டில் உலை கொதிப்பது சந்தேகம்தான். இது அவளுக்கும் தெரியும். மில்லுக்கும் தெரியும். மில்லுக்குத் தெரியும் என்பதுதான் தொந்தரவே.

மில்லுக்கு ஒரு கம்பெனி டாக்டர் உண்டு. வியாழக்கிழமை தோறும் வந்து கேட் பக்கத்து அறையில் உட்காருவார். வெளியே பெஞ்சில் வரிசை. பரிபூரணத்துக்கு பிரஷர் இருக்கிறது என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தவர் அவர்தான். அது சரியான காரியம். விட்டிருந்தால் ஒருநாள் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்திருப்பாள். வெள்ளையாகச் சின்னதாக ஒரு மாத்திரை, காலையில் ஒன்று. ஒரு தொல்லையும் இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்து போனபோது பிரஷர் இறங்கவில்லை என்று டோஸைக் கூட்டினார். அதுவும் சரி. உப்பைக் குறை என்றார். அதுவும் சரி. கூட்டிய டோஸ் உடம்பில் என்ன செய்யலாம், செய்தால் வந்து சொல் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. வெளியே பெஞ்சில் வரிசை நிற்கிறதாம்.

பொங்கல் கழிந்து கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் போகும்போது ஒழுங்காக இருக்கும். வீட்டுக்கு வரும்போது பாதம் பன் மாதிரி உப்பியிருக்கும். செருப்பு வார் பதிந்த இடத்தில் வாய்க்கால் வெட்டிய மாதிரி பள்ளம். கொஞ்ச நாளில் காலையிலும் வடியவில்லை. கணுக்கால் எலும்பு இருந்த இடம் தெரியாமல் போனது.

இங்கேதான் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்புப் பண்ணினார்கள். மில்லுக்கு வெளியே இருக்கிறவர்கள் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டார்கள். அந்த ஷெட்டில் கால் வீங்காத பழைய ஆளே கிடையாது. நின்று நின்று வீங்கும். நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைக்கும். அதற்கு அவர்களே ஒரு பேர் வைத்திருந்தார்கள்: பிரேம் கால். பிரேம் கால் வந்தவள்தான் முழு ஆள். வராதவள் எத்தனை வருடம் ஆனாலும் புதுசு. முதலாளி கொடுத்த நோவைப் பதக்கம் மாதிரிக் காலில் கட்டிக்கொண்டு திரிகிற கொடுமை அது.

பக்கத்துச் சந்தில் வேலை பார்க்கிற செல்லத்தாய், வயதில் மூத்தவள், சாப்பாட்டு நேரத்தில் பரிபூரணத்தின் காலைப் பார்த்துவிட்டுக் கை கொட்டினாள்.

"ஏட்டி, வந்திருச்சா ஒனக்கும்! இம்புட்டு வருசமா குமரி மாதிரி காலை வச்சுக்கிட்டு மினுக்குன. இப்பத்தாண்டி நீ மில்லுக்காரி."

"வலிக்குதுக்கா."

"வலிக்காம? பிரேமு என்ன ஒன் மாமியா வீட்டு ஊஞ்சலா? பேண்டேஜ் துணியச் சுத்து. ஒன் வீட்டுக்காரரு நெய்யுறதே அதத்தான."

தங்கச்சாமி தறியில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கொண்டுவந்தார். தினமும் காலையில் அவளை உட்கார வைத்து இரண்டு காலிலும் சுற்றிவிடுவார்.

"ரொம்ப இறுக்குதுங்க."

"என்ன?"

"இறுக்குதுன்னேன்!"

"இறுக்கட்டும். இறுக்குனாத்தான் வடியும்."

அவள் செருப்புக்குள் அந்தக் கால் நுழையவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனாள். அவர் ஒரு வார் அறுந்த பழையதைப் போட்டுக்கொண்டு தறிக்குப் போனார்.

வியாழக்கிழமை கம்பெனி டாக்டரிடம் போய்ச் சொன்னாள். "கால் வீங்குது டாக்டர்."

"என்ன வேலை?"

"ரிங் பிரேம்."

"நின்னே பாக்குறீங்க, வீங்கத்தான் செய்யும். தண்ணி பிரியுறதுக்கு ஒரு மாத்திரை எழுதுறேன். காலைல அதையும் சேத்துப் போட்டுக்கோங்க. அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. சேலையைக் கணுக்கால் வரை தூக்கச் சொல்லவில்லை. மேசைக்கு மேலே தெரிகிற பாதி உடம்பைப் பார்த்துவிட்டு, மேசைக்குக் கீழே இருக்கிற பாதிக்கு மருந்து எழுதிய கெட்டிக்காரர் அவர். அவரே அந்த மில்லின் டாக்டர். இந்தப் பெண் நாள் முழுக்க நிற்கிறாள் என்பது தெரிந்தவருக்கு, இவள் பாத்ரூமுக்கு ஒரு தகரத்தைக் கேட்டுத்தான் போக முடியும் என்பது தெரியாதா? தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதா?

தண்ணி மாத்திரை தன் வேலையைப் பார்த்தது. கால் வடியவில்லை. ஆனால் ஷிப்ட் ஆரம்பித்ததுமே முட்டிக்கொண்டு வரும். டோக்கனை எடுத்துக்கொண்டு ஓடுவாள். திரும்பி வந்து சந்தில் ஒரு நடை போய் வருவதற்குள் மறுபடி முட்டும். மறுபடி ஆணிக்கு ஓடுவாள். ஆணி காலியாக இருந்தால் மிஷின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொடையை இறுக்கி நிற்பாள். கண்ணில் நீர் கோக்கும். அந்த வயதில் சேலையை நனைத்துக்கொண்டு நிற்கிற நாள் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் ஜெபமாக இருந்தது. ஆண்டவரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

"ஏட்டி, அந்தத் தகரம் ஒங்கப்பன் போட்ட செயினா? கழுத்த விட்டு எறங்க மாட்டேங்குது" என்றாள் செல்லத்தாய்.

"என்னக்கா செய்யச் சொல்லுதீங்க? மாத்திர அப்படி இழுக்குது."

"நாங்களுந்தான் நிக்கோம். எங்களுக்கெல்லாம் என்ன, கொழாய்க்கு மூடியா போட்டிருக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அங்காளம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயதுப் பெண். அவளுக்கு அன்று மாதவிலக்கு. துணி மாற்றப் போக வேண்டும். டோக்கன் பரிபூரணத்தின் கழுத்தில் தொங்குகிறது. "ஒருத்திக்காக எல்லாரும் சாகணுமா?" என்று அவள் வெடித்தாள். பரிபூரணம் பதிலுக்கு வெடித்தாள். இப்படித்தான் அந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கடித்துக்கொண்டார்கள். தகரத்தை ஆணியில் மாட்டியவனைக் கடிக்க வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. டோக்கன் வைப்பதே அதற்காகத்தான்.

சூப்பர்வைசர் பேர் மெர்வின். பரிபூரணம் போகிற சர்ச்சில்தான் அவன் குடும்பமும். அவன் அம்மா பியூலா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாட்டுப் பாடுவாள். ஞாயிற்றுக்கிழமை "ஸ்தோத்திரம் சித்தி" என்று கும்பிடுகிறவன், திங்கட்கிழமை ஷெட்டுக்குள் அந்தச் சித்தியை "ஏம்மா" ஆக்கிவிடுவான்.

"ஏம்மா, நீங்க வேலைக்கு வந்தீங்களா, பாத்ரூமுக்கு வந்தீங்களா? ஒங்க பிரேம்ல இழை அறுந்து பஞ்சாச் சுத்துது. முடியலைன்னா சொல்லிருங்க. இந்த எடத்துக்கு கேட்ல ஆள் நிக்குது."

 அன்றிலிருந்து வேலைக்குப் போனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். பஞ்சு பறக்கிற சூட்டில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் ஷிப்டை ஓட்டினாள். அதற்கும் மாத்திரை அடங்கவில்லை. நீர்க் கடுப்பு வேறு வந்தது.

அப்புறம் மாத்திரையையே நிறுத்தினாள். பிரஷர் மாத்திரை, தண்ணி மாத்திரை, இரண்டும் வெள்ளை. இரண்டும் சின்னது. இரண்டும் காலையில் ஒன்றாக விழுங்குகிறது. எது எதற்கென்று உட்கார வைத்துச் சொன்னவர் யாரும் இல்லை. இரண்டையும் எடுத்து அலமாரி மேல்தட்டில் பைபிளுக்குப் பின்னால் போட்டுவிட்டாள்.

என்ன அதிசயம்! பாத்ரூம் தொல்லை நின்றது. அதோடு, சில நாளில் கால் வீக்கமும் மெல்ல மெல்ல வடிய ஆரம்பித்தது. தங்கச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, பேண்டேஜ் வேலை செய்யுது! டாக்டராம் டாக்டரு!" என்று தெரு முழுக்கச் சொன்னார். அவளும் நம்பினாள். பிடரி வலித்தபோது தூக்கம் போதவில்லை என்று நினைத்தாள். கண் முன்னால் பூச்சி பறந்தபோது பஞ்சு என்று நினைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியான ஷிப்டில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. குனிந்து இழை ஒட்டிக்கொண்டிருந்தவள். வெள்ளை நூலில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மனசை வைத்துக் கேளுங்கள்: அவள் முதலில் மூக்கைத் துடைக்கவில்லை. நூலைத் துடைத்தாள். முந்தானையால் நூலைத் துடைத்துக்கொண்டே மடங்கி உட்கார்ந்தாள். ஸ்டூலைத் தூக்கிய பிறகு அந்தச் சந்தில் அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

மெர்வின் ஓடி வந்தான். "ஐயோ, சித்தி!" என்று பதறினான். ஷெட்டுக்குள் அவன் வாயில் அந்த உறவு வந்தது அதுவரை கிடையாது. ஆனால் ஆபீசுக்குப் போன் போட்டபோது பழையபடி ஆகிவிட்டான். "ஆமா சார், அந்தம்மாதான். ஆமா ஆமா, அந்த பாத்ரூம் அம்மா."

மயக்கத்திலும் அது அவள் காதில் விழுந்தது.

கம்பெனி டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். இரண்டு மாத்திரையையும் ஒழுங்காகப் போடச் சொல்லித் திட்டினார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. "ரிங் பிரேமுக்கு இந்தம்மா அன்ஃபிட்" என்று மெர்வினிடம் சொன்னார். பிரஷர் இறங்கி, வெளி டாக்டர் ஒருத்தர் சம்மதித்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று ஆபீசில் சொன்னார்கள்.

வீட்டில் கிடந்தாள். மாத்திரையை மறுபடி போட்டாள். கால் மறுபடி பொத்தென்று வீங்கியது. தங்கச்சாமி மறுபடி பேண்டேஜை எடுத்தார். செல்லத்தாய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். வந்தவள் நேராக மன்னிப்பா கேட்பாள்?

"நான் அம்புட்டுப் பேச்சுப் பேசுனேனே, நீ பதிலுக்கு ரெண்டு அறை விட்டிருந்தா இந்த ரத்தம் எனக்குல்ல வந்திருக்கும்" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஸ்ரீவில்லிபுத்தூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஒரு பொம்பள டாக்டர் வந்திருக்காவளாம். என் நாத்தனா போயிட்டு வந்தா. திட்டுதாவளாம். ஆனா தொட்டுப் பாக்காவளாம்" என்றாள்.

தொட்டுப் பார்க்கிற டாக்டர் என்பது பஸ் ஏறிப் போய்த் தேட வேண்டிய பொருளாகிவிட்டது. போனார்கள். வரிசையில் நின்றார்கள். டாக்டர் பேர் அக்சா. சின்ன வயது. தூக்கமில்லாத கண். மாத்திரை அட்டைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இவ்வளவு மிச்சம் இருக்கே. நடுவுல நிறுத்துனீங்களா?"

"நிறுத்துனேன்."

"யாரைக் கேட்டு?"

"டோக்கனைக் கேட்டு."

டாக்டர் நிமிர்ந்தாள். பரிபூரணம் தகரத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"சேலையைத் தூக்குங்க. அந்தக் கட்டை அவுங்க."

"நான் கட்டுனதுதான்" என்றார் தங்கச்சாமி, பெருமையாக.

"கெடாய்க்குட்டிக்குக் கூட இப்படிக் கட்ட மாட்டாங்கய்யா!"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீங்க செத்த நேரம் உக்காருங்க."

கட்டை விரலால் அவள் காலை அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். ரத்தம், சிறுநீர், இசிஜி எல்லாம் எடுத்துவரச் சொன்னாள். இருதயத்திலோ கிட்னியிலோ கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு மறுபடி உட்கார வைத்தாள்.

"எவ்வளவு வருசமா நின்னு வேலை பாக்குறீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து."

"கால் எப்பருந்து வீங்குது?"

"பொங்கல்லருந்து."

"டோஸ் கூட்டுனது?"

"கிறிஸ்மஸ் முடிஞ்சு."

"மாத்திரைய நிறுத்துனப்போ?"

"வடிஞ்சிச்சு."

"மறுபடி போட்டதும்?"

பரிபூரணம் மேசை மேல் கிடந்த அட்டையைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள்.

"இது நல்ல மாத்திரைதான்மா" என்றாள் டாக்டர். "எத்தனையோ பேர் உசுர இது காப்பாத்துது. ஆனா சில பேருக்கு, அதுவும் டோஸைக் கூட்டுனா, காலு வீங்கும். ரத்தக் குழாயை விரிச்சுவிடுதுல்ல, தண்ணி கசிஞ்சு பாதத்துல எறங்கிக்கும். தண்ணி மாத்திரைக்கு இந்த வீக்கம் அவ்வளவாக் கேக்காது."

"அப்ப அத எனக்கு எதுக்குக் குடுத்தாரு?"

டாக்டர் தண்ணி மாத்திரை அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் எதுக்குத் தகரத்தக் கழுத்துல போட்டுக்கிட்டு ஓடுனேன்? எதுக்குத் தண்ணி குடிக்காமக் கெடந்தேன்? எதுக்கு ஊர்க் கழுதையெல்லாம் என்னைய பாத்ரூம் அம்மான்னு சொல்லுது?"

"எங்கிட்ட ஏம்மா கத்துறீங்க?"

"ஒங்ககிட்டக் கத்தாம யார்ட்டக் கத்த? நீங்க ஒருத்தருதான் காலப் பாத்தீங்க!"

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அவளைக் கத்தவிட்டாள். கத்தி ஓய்ந்ததும் தன் பங்குக்குத் திட்டினாள்.

"இப்ப நான் சொல்றதக் கேளுங்க. நீங்களா நிறுத்துனீங்க பாருங்க, அது பெரிய தப்பு. மூக்குல வந்த ரத்தம் மூளையில கசிஞ்சிருந்தா இன்னைக்கு இவர் ஒங்களத் தூக்கிட்டு வந்திருக்கணும். மாத்திரை தொந்தரவு பண்ணுச்சுன்னா வந்து சொல்லணும். வேற மாத்தலாம். நிறுத்தக் கூடாது. புரியுதா?"

வேறு வகை மாத்திரை எழுதினாள். தண்ணி மாத்திரையை அடித்துவிட்டாள். "இது சில பேருக்கு வறட்டு இருமல் குடுக்கும். குடுத்துச்சுன்னா பஞ்சு இருமல்னு நெனச்சு வீட்டுலயே கெடக்காதீங்க. இங்க வாங்க" என்று முதலிலேயே சொன்னாள். அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் ஆனது. அந்த ஒரு மூச்சைத்தான் கம்பெனி டாக்டர் அவளுக்குக் கொடுக்கவில்லை.

இருமல் வரவில்லை. பிரஷர் இறங்கியது. ஒரு காலையில் பரிபூரணம் வாசலில் கிடந்த தன் செருப்பில் காலை விட்டுப் பார்த்தாள். நுழைந்தது. குனிந்து கணுக்கால் எலும்பைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் அக்சா எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை மில்லுக்குப் போனாள். கம்பெனி டாக்டர் பிரஷர் பார்த்தார்.

"நார்மலா இருக்கு. வேலைக்குப் போலாம்."

"காலு மாத்திரையாலதான் வீங்குச்சாம் டாக்டர்."

"ஆமாம்மா, சில பேருக்கு வரும்."

பரிபூரணம் எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"எல்லா டாக்டருக்கும் தெரியும்மா இது."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

  அவள் குரல் வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டது. ரிங் பிரேம் சத்தத்துக்கு மேலே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

"கேக்கலையா? கால் வீங்குதுன்னு இதே நாற்காலில வந்து உக்காந்து சொன்னேனே, அது என்ன பாட்டா? என்ன கேக்கணும்னு எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் ஒங்ககிட்ட வாரேன்? தெரிஞ்சவரு நீங்க. தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தீங்க. தெரியாதுன்னு சொல்லியிருந்தாக்கூட நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்!"

"மெதுவாப் பேசுங்கம்மா, வெளிய ஆளுக இருக்காங்க."

"இருக்கட்டும். அவியளுக்கும் காலு இருக்குல்ல!"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுப் பெண்கள் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. பேண்டேஜை அவிழ்த்தார்கள். யார் யார் பிரஷர் மாத்திரை போடுகிறார்கள், போட ஆரம்பித்த பிறகு வீங்கியது யாருக்கு என்று பேச்சு ஓடியது. தங்கள் கதையும் அதுதான் என்று தெரிந்து இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "மாத்திரையத் தூக்கிப் போட்டுறாதீங்கட்டி, என் மூக்கு பட்ட பாடு போதும். போய்க் காட்டுங்க" என்றாள் பரிபூரணம்.

செல்லத்தாய் சேலையை முழங்கால் வரை ஏற்றி, சுருண்ட நரம்போடு காலை நீட்டினாள். "எனக்கு மாத்திரையே கெடையாதுட்டி. இது கலப்படமில்லாத பிரேம் காலு. இதுக்கு எந்த ஊரு டாக்டருகிட்டப் போக?"

யாரும் சிரிக்கவில்லை. பரிபூரணம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் காலை வீங்கவைத்தது மாத்திரை. மாத்திரையை மாற்றினார்கள், வடிந்தது. இந்தக் காலை வீங்கவைத்தது எது என்று எல்லோருக்கும் தெரியும். அதை மாற்ற எவன் எழுதிக் கொடுப்பான்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மெர்வின் பக்கத்தில் வந்தான். கையைப் பிசைந்தான்.

"ஸ்தோத்திரம் சித்தி."

"ம்."

"சித்தி, அம்மாவுக்கும் காலு வீங்கிக்கிட்டே வருது. அந்த மாத்திரைதான் அவங்களுக்கும். நீங்க போன டாக்டர் எப்ப இருப்பாங்க?"

பியூலா சற்றுத் தள்ளிப் படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்புக்கு வெளியே பாதம் பிதுங்கி நின்றது. பரிபூரணத்துக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, இப்போது யார் பாத்ரூம் அம்மா என்று. அந்தப் பாதத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். மகன் பேசியதற்குத் தாய் கால் என்ன செய்யும்?

"நாளைக்கே கூட்டிட்டுப் போ. காலைல வெள்ளன போனா பாத்துரலாம். மாத்திரை அட்டைய மறக்காம எடுத்துட்டுப் போ. அதுவரைக்கும் ஒரு நேரங்கூட விடாமப் போடச் சொல்லு."

"ரொம்ப நன்றி சித்தி. ஒங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"நீ திரும்பி வேலைக்கு வந்ததும் ஆணியப் பாக்காத. அது போதும்."

அவனுக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்குள் வந்தபோது புரிந்தது. ஆணி காலியாக இருந்தது. டோக்கன் யார் கழுத்திலும் இல்லை. அங்காளம்மாள் கையை வீசிக்கொண்டு அவன் முன்னாலேயே கதவைத் தாண்டிப் போனாள். அவன் வாயைத் திறந்தான். பரிபூரணம் சந்தின் முனையில் நின்று அவனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான். நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். வெட்கம். வெட்கத்துக்கு ஆயுசு கம்மி.

அந்த வார முடிவில் ஆபீசுக்கு விஷயம் போனது. மேனேஜரே புதுத் தகரத்தோடு வந்தார். தன் கையாலேயே ஆணியில் மாட்டினார். "பழச யாரோ எடுத்ததா கேள்விப்பட்டேன். இனிமே தொலைஞ்சா எல்லார்மேலயும் ஆக்‌ஷன்" என்றார். பக்கத்தில் மெர்வின் தலை குனிந்து நின்றான்.

பரிபூரணம் பிரேமை விட்டு வந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மேனேஜருக்கு முன்னால் நின்று அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. பாட்டிலைக் காலி பண்ணி, ஆணிக்குக் கீழே மெர்வின் மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"ஏம்மா, என்ன இது? போய் வேலையப் பாருங்க."

"பாத்ரூம் போறேன்."

"டோக்கனை எடுத்துட்டுப் போங்க."

"நீங்க போகும்போது மாட்டிக்கோங்க. நான் சும்மாத்தான் போவேன்."

ஆணிப் பக்கம் திரும்பாமல் கதவைத் தாண்டினாள். பின்னால் அங்காளம்மாள். அதற்குப் பின்னால் இன்னும் சிலர். மிஷினில் இழை அறுந்து பஞ்சாகச் சுற்றியது. சுற்றட்டும் என்று விட்டார்கள். கடைசியாகச் செல்லத்தாய், அந்தச் சுருண்ட நரம்புக் காலை இழுத்து இழுத்து நடந்து மேனேஜரைக் கடந்து போனாள்.

அவளுக்கு அப்போது பாத்ரூம் வரவே இல்லை.